கலை ஊருக்கு எதற்கு? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரம் 10க்குப் பாடம் தெரிவு செய்யும் காலம் வந்தால் பெற்றோர் கேட்பார்கள். கோயில் சடங்குக்குக் கூட்டம் போட்டால் நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். கூத்துப் போட வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர் கழகத்திடம் ஊரே கேட்கும். இப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து, கூத்து ஆடும் இடமான களரியோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

கலை என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

மேடையும் ஒலிபெருக்கியும் உள்ளதை மட்டும் சொல்லவில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்து, வசந்தன் கூத்து, மகிடிக் கூத்து, பறைமேளக் கூத்து, கண்ணகி அம்மன் சடங்கில் படிக்கும் வழக்குரை, குளிர்த்திப் பாட்டு, நெற்கதிரைச் சூடு மிதித்துப் பிரிக்கும்போது பாடிய பொலிப்பாட்டு, றபான் மேளம், கம்படித்து ஆடும் களிகம்பு, மருதமுனைக் கைத்தறி, கரையோரப் பெண்கள் பன் புல்லில் இழைக்கும் பன்பாய், பிள்ளைகள் வரையும் சித்திரம், பரதம், கர்நாடக சங்கீதம், இன்றைக்குப் பொடியன்கள் எடுக்கும் குறும்படம் எல்லாமே கலைதான். இதில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற பேச்சுக்கு நான் வரவில்லை.

வயிறு நிறைந்த பிறகுதானே கலை?

எங்கள் ஊர்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கூத்தை வளர்த்தவர்கள் யார்? வெள்ளாமை செய்தவர்கள், வாவியில் வலை வீசியவர்கள், காட்டுக்குப் போய் விறகு வெட்டியவர்கள். பகலெல்லாம் வயலில் குனிந்து நின்றவர்தான் இரவு களரியில் தருமபுத்திரராக நிமிர்ந்து நின்றார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் கூத்து இன்னும் வலுவாக இருப்பதைப் பாருங்கள். அவை வசதியில் முந்திய ஊர்கள் அல்ல.

பெரும்போக வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் நெல்லும் நேரமும் இருக்கும் காலத்தில்தான் கூத்துப் பழகத் தொடங்குவார்கள் என்பது உண்மை. அந்த அளவுக்கு வயிற்றுக்கும் கலைக்கும் தொடர்பு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பணக்காரனாகும் வரை எவரும் காத்திருக்கவில்லை.

கூத்து ஊருக்கு அப்படி என்னதான் செய்கிறது? ஓர் இரவு ஆடி முடிகிற விஷயம்தானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் நீளம்.

பார்க்க வருகிறவருக்கு அது ஓர் இரவு. ஊருக்கு அது பல மாத வேலை. முதலில் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரை வைத்து ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். எந்தக் கூத்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பேசி முடிவாகும். குரலைப் பார்ப்பார்கள், ஆளின் உயரத்தைப் பார்ப்பார்கள், கால் தாளத்துக்கு வளைந்து கொடுக்குமா என்று பார்ப்பார்கள். பிறகு ஆட்டக்காரருக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார்கள். இதற்குப் பெயர் சட்டம் கொடுத்தல். அதன் பின் இரவிரவாகப் பழக்கம். ஓரளவு கால் பழகியதும் சதங்கை அணியும் நாள். அப்புறம் முழுக் கூத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். கடைசியில் அரங்கேற்றம். அது முடிந்த பிறகும் கூத்து முடிவதில்லை. வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள்.

இந்த மாதங்களில் ஊரில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு தாளக்கட்டைச் சொல்வார். பொடியன் ஆடுவான், பிழைக்கும். மத்தளம் நிற்கும். ஏச்சு விழும். திரும்பவும் முதலில் இருந்து. வீட்டில் தகப்பன் ஒரு சொல் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை, இங்கே அத்தனை பேர் முன்னால் ஏச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் காலைத் தூக்குவான். பிழைப்பது வெட்கமில்லை, விட்டுவிட்டுப் போவதுதான் வெட்கம் என்று அந்த வயதில் அவன் படிக்கிறான். இதை வகுப்பறையில் கற்பிக்க முயன்று களைத்தவன் நான். அங்கே அது தானாக நடக்கும்.

ஆடுகிறவர்கள் மட்டுமா? அரசருக்கான கரப்புடுப்புக்குப் பிரம்பை வளைத்து வட்டம் கட்ட ஒருவர் வேண்டும். கிரீடத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒட்ட ஒருவர். கூத்துப் பாட்டு எழுதிய கொப்பியைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்க ஒருவர். சல்லரி என்ற தாளம் போட ஒருவர், பிற்பாட்டுக்குச் சிலர். மண் போட்டு உயர்த்தி வட்டக்களரி அமைக்க ஒரு கூட்டம். பழக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வீடுகள். பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயர் வாங்கியவனுக்கும் களரியில் ஒரு வேலை இருக்கும், அவன் வராவிட்டால் ஆள் அனுப்பித் தேடுவார்கள். தன்னைத் தேடி ஆள் வருகிறது என்பது ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

ஆகவே கூத்தின் பயன் எது என்று கேட்டால் அரங்கேற்ற இரவைவிடப் பழக்கிய மாதங்களைத்தான் காட்டுவேன். ஒருவரோடு ஒருவர் கோபித்துக்கொண்டு திரிந்த குடும்பங்கள் அந்த மாதங்களில் ஒரே வளவில் இருந்து தேத்தண்ணி குடித்ததைக் கண்டிருக்கிறேன். கலை சமூகத்துக்கு எதற்கு என்ற பெரிய கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலும் இதுதான்: ஆட்களை ஒன்றாக ஒரு வேலையில் இருத்தி வைக்கிறது, அந்த வேலையில் ஒவ்வொருவரையும் தேவைப்பட வைக்கிறது.

வடமோடிக்கும் தென்மோடிக்கும் என்ன வித்தியாசம்?

சுருக்கமாகச் சொன்னால், வடமோடியில் பெரும்பாலும் இராமாயண, பாரதப் போர்க்கதை, வேகமான ஆட்டம், கனத்த உடுப்பு. தென்மோடியில் காதலும் கலியாணமும் அதிகம், நுணுக்கமான தாளக்கட்டு, பாட்டை இழுத்துப் பாடும் முறை. நேரில் பார்த்தால் முதல் அரை மணித்தியாலத்திலேயே பிடிபடும்.

விடியவிடிய ஆடினால் யார் பார்ப்பது? ஒரு மணித்தியாலத்துக்குச் சுருக்கினால் என்ன?

சுருக்கலாம், சுருக்கியும் இருக்கிறார்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளை நவீன மேடைக்கு ஏற்றபடி சுருக்கித் தயாரித்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவை அப்படி வந்தவை. ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பேராசிரியரானார். அந்த முயற்சி இல்லாவிட்டால் படித்தவர்கள் கூத்தை நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று தள்ளியே வைத்திருப்பார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் மேடைக்குப் போனதும் களரி மாறிவிட்டது. வட்டக்களரியைச் சுற்றி நான்கு பக்கமும் ஆட்கள். ஆட்டக்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுடைய மாமியோ மச்சானோ இருப்பார். பிள்ளை நித்திரையாகி, எழும்பி, திரும்பவும் பார்க்கும். கடலைக்காரியிடம் கடலை வாங்கலாம், இடையில் வீட்டுக்குப் போய் வரலாம். பார்ப்பவர் முகத்திலும் வெளிச்சம் இருக்கும். படச்சட்ட மேடையில் பார்ப்பவர் இருட்டில் இருக்கிறார், ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறார். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறொரு கலை.

2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் வேறு பாதை. கூத்தைக் களரியிலேயே வைத்துக்கொண்டு, கொப்பியில் உள்ள சாதி, பெண் பற்றிய பழைய பார்வைகளை ஊராரோடு இருந்து பேசி மாற்றி எழுதினார்கள். எனக்கு நெருக்கமான பாதை இது. கூத்தை ஊரை விட்டுத் தூக்கிக்கொண்டு போகாமல், ஊரோடு சேர்த்து அதை மாற்றுவது.

பள்ளிக்கூடங்களுக்கிடையே நடக்கும் தமிழ்மொழித் தினப் போட்டிக்காகப் பிள்ளைகள் சில நிமிடங்களுக்கு ஆடும் கூத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு பிள்ளைக்குச் சதங்கைச் சத்தம் அறிமுகமாகிறது என்றால் நல்லதுதான். பரிசு கிடைத்ததும் உடுப்பைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, கூத்தை வளர்த்துவிட்டோம் என்று நினைக்காமல் இருந்தால் சரி.

கொம்புமுறி ஊரை இரண்டாக்குகிற விளையாட்டு. அதையும் கலை என்கிறீர்களே?

இரண்டாக்கத்தான் செய்கிறது. கண்ணகி அம்மனுக்காக ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரியும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புத் தடிகளை ஒன்றோடு ஒன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர் தோற்றவரைப் பார்த்து வசைப் பாட்டுப் பாடுவார்கள். தேற்றாத்தீவில் கொம்புச்சந்தி என்ற இடப்பெயரே இருக்கிறது, விளையாட்டு எவ்வளவு வேரோடியது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரே குடும்பத்தில் புருஷன் ஒரு சேரி, பெண்சாதி மறு சேரி என்று வரும். வருஷம் முழுக்க அடக்கி வைத்த எரிச்சலையெல்லாம் அம்மன் பேரில் பாட்டாகக் கொட்டிவிடலாம். கடைசியில் இரு சேரியும் ஒரே அம்மனிடம் போய் ஒரே தீர்த்தம் வாங்க வேண்டும். பகையை இல்லாத மாதிரி மூடி வைத்த ஊர்கள் என்ன ஆகின என்று நாங்கள் பார்த்துவிட்டோம். பகைக்கு ஓர் இடமும் நேரமும் பாட்டும் கொடுத்த முன்னோர் புத்திசாலிகள். கைகலப்பில் முடிந்த கொம்புமுறிகளும் உண்டுதான். விதியைக் கட்டிக் காக்கும் பெரியவர்கள் இல்லாத இடத்தில் இதைத் தொடங்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாண்டிருப்புத் தீமிதிப்பு சமயம்தானே, அதில் கலை எங்கே?

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழா பதினெட்டு நாள். பாரதப் போரும் பதினெட்டு நாள். அந்த நாட்களில் பாரதக் கதை ஊருக்குள் நடக்கிறது. விரதம் இருப்பவர்கள் பாண்டவர்களாக வேடம் தாங்குகிறார்கள். வனவாசத்து நாளில் தெருவோரத்தில் சனம் காத்து நிற்கும், பாண்டவர்கள் அதே தெருவால் போவார்கள். அருச்சுனன் தவத்துக்குப் போவதற்கென்று ஒரு நாள். கடைசியில் தீ மிதிப்பு. சமயம் எது, நாடகம் எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை. நேற்றுச் சந்தையில் கண்ட ஆள் இன்றைக்குத் தருமராக வரும்போது பாட்டிமார் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அந்த மனிதரும் அதற்குப் பிறகு சந்தையில் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்.

கெட்டிக்காரப் பிள்ளை. கணிதமும் விஞ்ஞானமும் படிக்கட்டும். அழகியல் பாடம் எதற்கு?

இந்தக் கேள்வி வந்தால் நான் காரைதீவைக் காட்டுவேன். 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. அந்த விஞ்ஞான அறிவையும் கணக்கையும் வைத்துக்கொண்டுதான் வழக்கொழிந்த பழந்தமிழ் யாழின் நரம்புகளையும் சுரங்களையும் ஆராய்ந்தார். பல ஆண்டு உழைப்பு ‘யாழ் நூல்’ ஆக 1947இல் வெளிவந்தது, அதே ஆண்டு யூலையில் அவர் காலமானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவரும் அவரே. கணக்குத் தெரியாமல் அந்த ஆராய்ச்சி முடிந்திருக்காது, காது இல்லாமலும் முடிந்திருக்காது.

சாதாரண தரப் பரீட்சைக்குச் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்று தெரிவு இருக்கிறது. எது இலேசாக ஏ எடுக்கும் என்று டியூசன் வாத்தியாரிடம் கேட்டுத் தெரிவு செய்யாதீர்கள். பிள்ளையிடம் கேளுங்கள்.

கலை சோறு போடுமா?

நேராகச் சொல்கிறேன்: கூத்து எந்தக் காலத்திலும் அண்ணாவியாருக்கு முழுச் சோறு போட்டதில்லை. அவருக்கு வயலோ தோணியோ இருந்தது. ஊர் அவருக்குச் சால்வை போட்டது, நெல் கொடுத்தது, மரியாதை கொடுத்தது.

இன்றைக்கு நிலைமை வேறு. கல்லடியில் 1982இல் விபுலாநந்த இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருக்கிறது. இசை, நடனம், நாடகம், கட்புலக்கலை படித்துப் பட்டம் பெறலாம். பட்டம் பெற்ற எல்லோருக்கும் உடனே ஆசிரியர் நியமனம் கிடைக்கும் என்று நம்பி அனுப்பாதீர்கள், காத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒப்பனை, வீடியோ, ஒலி, விளம்பர வடிவமைப்பு என்று பக்கத்தில் இன்னொரு தொழிலையும் கையில் வைத்திருப்பவர்கள் நின்று பிடிக்கிறார்கள்.

சோறு போடும் கலை என்றால் மருதமுனைத் தறியைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகச் சாரமும் சேலையும் நெய்து குடும்பம் நடத்திய ஊர். பன்பாய் இழைக்கும் பெண்களும் அப்படித்தான். பன்னை வெட்டிக் காயவைத்து, கொதிக்கும் சாயத்தில் போட்டெடுத்து, நிலத்தில் குந்தியிருந்து இழை இழையாகச் சேர்ப்பார்கள். முதுகு வலிக்கும் வேலை. அந்தப் பாயை வாங்கும்போது பேரம் பேசி இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். கலையை மதிக்கிறோம் என்று மேடையில் பேசியவரே பாய்க்காரியிடம் விலை குறைத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். முழு விலையைக் கொடுங்கள்.

இதெல்லாம் தமிழரின் கலை. முஸ்லிம் ஊர்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. றபானும் களிகம்பும் சிலம்பமும் உண்டு. அக்கரைப்பற்று, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்துப் பெண்களின் கவிகள் தமிழ் நாட்டார் இலக்கியத்தின் உச்சிகளில் ஒன்று என்பது என் கருத்து. நான்கே வரியில் காதல், ஏக்கம், கோபம், மாமி மீதான முறைப்பாடு எல்லாம் வந்துவிடும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் அலைந்து திரிந்து தேடி எழுதி வைத்திருக்காவிட்டால் பல கவிகள் பாடிய வாய்களோடு போயிருக்கும். வயலும் வாவியும் இரண்டு சமூகத்துக்கும் ஒன்று. கவியில் வரும் மச்சானும் மச்சியும் ஒன்று.

பழைய கலை என்று பெருமை பேசுகிறீர்கள். அதற்குள் இருந்த சாதியை மறைக்கலாமா?

மறைக்கக் கூடாது. பறைமேளம் இல்லாமல் சாவீடு இல்லை, பல கோயில் சடங்குகளும் இல்லை. அடித்தவரை வாசலுக்கு வெளியே நிற்க வைத்தோம். அவருடைய கையில் இருந்த தாள அறிவு எந்தச் சங்கீத வித்துவானுக்கும் குறைந்தது அல்ல. இன்றைக்கு அந்தக் குடும்பத்துப் பிள்ளை பறையைத் தொட மாட்டேன் என்று சொன்னால் கலை அழிகிறது என்று அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அடிப்பவருக்கு ஆசனமும் சம்பளமும் கொடுத்து, மற்றச் சாதிப் பிள்ளைகளும் படித்து அடித்தால், அப்போது பேசலாம்.

பெண்கள் விஷயமும் அப்படியே. கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். பெண்கள் களரிக்கு வெளியே இருந்து எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். இப்போது பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். சில ஊர்களில் முகச்சுளிப்பு இன்னும் இருக்கிறது. தன் மகளை முதலில் ஆடவிடும் அண்ணாவியார் இருக்கும் ஊரில் அது சீக்கிரம் போய்விடும்.

யுத்தத்திலும் சுனாமியிலும் இவ்வளவு இழந்த சனத்துக்குப் பாட்டும் படமும் என்ன செய்யும்?

இழந்ததைத் திருப்பித் தராது. இதை முதலில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு அது என்ன செய்யும் என்பதை மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா காட்டியது. யுத்தத்தில் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண்ணிலும் நிறத்திலும் கதையிலும் விளையாடிய இடம் அது. என்ன நடந்தது என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால் பேசாது. கையில் களிமண்ணைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருந்தால், வீடு ஒன்று செய்யும், உடைக்கும், திரும்பச் செய்யும். எத்தனை தரம் உடைத்தாலும் ஏச ஆளில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு பெரியவர்களும் அப்படித்தான். ஒப்பாரி என்று ஒரு வடிவம் எங்களிடம் இருந்தது. அழத் தெரியாமல் விறைத்துப் போனவர்களையும் அது அழ வைத்தது. ஆலோசனை சொல்ல வெளியே இருந்து வந்தவர்கள் பலர், நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் செத்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த நல்லது கெட்டதைச் சொல்லி, பக்கத்து வீட்டு மாமி இழுத்த ஒப்பாரியின் இடத்தை எந்தப் படிவமும் நிரப்பவில்லை.

எல்லாம் போனில் பார்க்கலாமே?

பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தன் ஊர்க் கூத்தை யூடியூபில் பார்த்து அழுகிறான், அதுவும் வேண்டியதுதான். பழக்கம் மட்டும் போனில் வராது.

நான் ஆடவும் மாட்டேன், பாடவும் மாட்டேன். என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம், சிலதை இன்றைக்கே தொடங்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் அப்பப்பாவின் கூத்துக் கொப்பி இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். கரையானும் மாரிக்கால ஈரமும் அதைத் தின்றுகொண்டிருக்கும். வெயிலில் நேரே காயப்போடாதீர்கள், மை மங்கிவிடும். நிழலில் காற்றாட வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் நேராகப் படம் எடுங்கள். ஓரத்தில் எழுதியிருக்கும் ஆட்டக்காரர் பெயர், ஆடிய திகதி, செலவுக் கணக்கு எதையும் விட்டுவிடாதீர்கள். பாட்டைவிட அவை சில வேளை பெறுமதியானவை. ‘நூலகம்’ போன்ற எண்ணிம நூலகங்கள் இப்படியானவற்றைப் பாதுகாக்கின்றன.

ஊரில் வயதான அண்ணாவியார் இருந்தால் பேச்சுக் கொடுத்து அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். காலையில் போங்கள், அப்போதுதான் குரல் நன்றாக இருக்கும். வெற்றிலை கொண்டு போங்கள். முதலில் பாட்டுக் கேட்காதீர்கள், எந்த ஆண்டு எந்த ஊரில் ஆடினார் என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போது பாட்டுத் தானாக வரும்.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவரானால், அடுத்த திருவிழா வரவு செலவில் இசைக்குழுவுக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கைக் கூத்துக்கும் வசந்தனுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரு களரிக்கு ஆகும் செலவில் மத்தளத்துக்குப் புதுத் தோல் போடுவதும் உடுப்புத் தைப்பதும்தான் பெரியது. அந்த இரண்டையும் ஒருமுறை செய்து கொடுத்தால் சில வருஷம் தாங்கும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.